முட்டைக்கோதும் ஆட்டுச் சுவாசப்பையும்

"ஓநாய் என்ன, உலை வைச்சுச் சோறு காய்ச்சியே திண்டது?"

நாய்க்குப் பச்சை இறைச்சிதான் போட வேண்டும் என்பவர்கள் கடைசியில் வந்து நிற்கும் கேள்வி இது. கேட்ட மாத்திரத்தில் மறுக்க முடியாதது போலிருக்கும். கடையில் விற்கும் உலர் தீவன உருண்டையே போதும் என்னும் மறுபக்கத்தாரிடமும் ஒரு வாக்கியம் உண்டு: "பையில எழுதிக் கிடக்கிற அளவைப் போடுங்கோ, மற்றதெல்லாம் வீண் மினக்கேடு." இந்த இரண்டு வாக்கியங்களும் வெளிநாட்டிலிருந்து பேசும் பிள்ளைகள் வழியாகவும் கைத்தொலைபேசிக் காணொளிகள் வழியாகவும் வன்னிக்கு வந்து சேர்ந்துவிட்டன. ஆனால் பரந்தனிலோ புதுக்குடியிருப்பிலோ நெடுங்கேணியிலோ ஒரு வளவுக்குள் போய்ப் பார்த்தால், நாயின் சட்டியில் இருப்பது வேறு. மத்தியானம் மிஞ்சிய சோறு, மீன் தலை, கறிச்சட்டி வழித்த குழம்பு, கோழிக்கடைக்காரர் கட்டிக் கொடுத்த கழுத்தும் காலும். பச்சையா, உருண்டையா என்ற வாதம் இந்தச் சட்டியைப் பார்க்காமலே நடப்பதுதான் எனக்கு ஒத்துவராத விஷயம்.

முதலில் ஓநாய்க் கதையை முடித்துவிடலாம். 2013-இல் சுவீடன் ஆய்வாளர்கள் நாயினதும் ஓநாயினதும் மரபணுக்களை ஒப்பிட்டு ஒரு முடிவை வெளியிட்டார்கள். மாப்பொருளைச் செரிக்கும் அமிலேஸ் நொதியை ஆக்கும் மரபணு ஓநாயில் 2 பிரதிகள்தான்; நாய்களில் 4 முதல் 30 வரை. மனிதரோடு கூடி வாழ்ந்த காலத்தில் நாயின் குடல் சோற்றுக்கும் றொட்டிக்கும் பழகிவிட்டது. ஆகவே வேகவைத்த சோறு நாய்க்கு நஞ்சு என்பது பொய். அதற்காகச் சோற்றுக்காரர் பக்கமும் தீர்ப்பு விழுந்துவிடவில்லை. சோற்றைச் செரிக்க முடியும் என்பது வேறு, சோற்றில் எல்லாம் இருக்கிறது என்பது வேறு. நாய்க்கு வெயிலிலிருந்து விற்றமின் டி-யைப் போதிய அளவு ஆக்கிக்கொள்ளவும் முடியாது. நாள் முழுக்க வன்னி வெயிலில் முற்றத்திலே கிடந்தாலும் அது வாய்வழியாகத்தான் வர வேண்டும்.

பையில் வருவது

உலர் தீவனத்தின் பெரிய பலம் அதன் சலிப்பூட்டும் தன்மைதான். ஒவ்வொரு உருண்டையிலும் கல்சியம், பொஸ்பரஸ், துத்தநாகம், செம்பு, அயடீன், விற்றமின்கள் எல்லாம் ஒரே விகிதத்தில் கலந்திருக்கும். வீட்டில் ஒருவர் கையால் அள்ளிப் போட்டாலும், மற்றவர் சிரட்டையால் போட்டாலும் விகிதம் கெடாது. பையின் பின்புறத்தில் முதலில் தேட வேண்டியது முன்பக்கப் படத்திலுள்ள கொழுத்த இறைச்சித் துண்டை அல்ல. "முழுமையான சமச்சீர் உணவு" என்ற கருத்துள்ள வரியையும், அது எந்த வயதுக்கு என்பதையும். பொதுவாகப் பின்பற்றப்படும் அமெரிக்க அளவுகோலின்படி, ஈரத்தை நீக்கிய எடையில் வளர்ந்த நாய்க்குக் குறைந்தது 18 வீதம் புரதமும் குட்டிக்கு 22.5 வீதமும் வேண்டும். மாப்பொருள் எவ்வளவென்று பையில் எழுதமாட்டார்கள். நாமே கழித்துப் பார்க்கலாம். புரதம் 22, கொழுப்பு 10, ஈரம் 10, சாம்பல் (அதாவது தாதுக்கள்) 8 என்றால் மிச்சம் 50. பாதிப் பை மாப்பொருள். அதில் குற்றமில்லை, ஆனால் தெரிந்து வாங்க வேண்டும். பச்சை இறைச்சியில் புரதம் 20 வீதம்தானே, உருண்டையில் 22 இருக்கிறதே என்று ஒப்பிடுவதும் தவறு. இறைச்சியில் 70 வீதம் தண்ணீர். அதை நீக்கினால் புரதம் ஏறக்குறைய 67 வீதத்துக்குப் போகும்.

பற்களை உருண்டை சுத்தம் செய்யும் என்று சொல்லி விற்பதை நம்ப வேண்டாம். சாதாரண உருண்டை, பல் பட்டவுடன் நொருங்கிவிடும். ஈறோரக் காவியை அது தொடுவதேயில்லை.

எங்கள் பக்கத்தில் உலர் தீவனம் பழுதாகிப்போவது தொழிற்சாலையில் அல்ல, கடை வாசலிலும் குசினியிலும். பெரிய பையை வெட்டித் திறந்து வைத்து, கிலோக் கணக்கில் பொலித்தீன் பையில் நிறுத்துக் கொடுப்பது பல கடைகளில் வழக்கம். மலிவாகக் கிடைக்கும், ஒரு கிலோவுக்கு மேல் ஒரேயடியாக வாங்க வசதியில்லாத வீடுகளுக்கு அது உதவியும்தான். ஆனால் உருண்டையை அச்சில் பிதுக்கிக் காயவைத்த பிறகு அதன்மேல் கொழுப்பைத் தெளிக்கிறார்கள். அந்தக் கொழுப்பு காற்றும் சூடும் பட்டால் காறும். சித்திரை வைகாசியில் தகரக் கூரைக்குக் கீழே வாய் திறந்து கிடக்கும் பையில் இது வேகமாக நடக்கும். மாரியில் நடப்பது இன்னும் மோசம். ஐப்பசி கார்த்திகை ஈரத்தை உருண்டை உறிஞ்சினால் பூஞ்சணம் பிடிக்கும். சோளத்திலும் கச்சானிலும் வளரும் ஒருவகைப் பூஞ்சணம் அஃப்லாரொக்சின் என்ற நஞ்சை உண்டாக்கி ஈரலைத் தாக்குகிறது. 2020 கடைசியில் அமெரிக்காவில் இந்த நஞ்சு கலந்த உலர் தீவனத்தால் 100-க்கும் மேற்பட்ட நாய்கள் செத்தன. சமைத்தாலும் இந்த நஞ்சு போகாது. ஆகவே பூஞ்சணம் தட்டிய தீவனத்தை வெயிலில் காயவைத்துப் போடுவதும் கோழிக்குக் கொட்டுவதும் கூடாது. குழி வெட்டித் தாட்டுவிடுங்கள்.

முடிந்தால் ஒட்டியபடியுள்ள சின்னப் பையை வாங்குங்கள். திறந்த பையை 6 கிழமைக்குள் முடித்துவிட வேண்டும். ஒரு நாய்க்கு 20 கிலோப் பை வாங்கினால் அது முடியாது. வாளியில் நேரே கொட்டாமல், பையின் வாயை மடித்துக் கட்டி, பையோடு மூடியுள்ள வாளிக்குள் இறக்கி வையுங்கள். வாளியின் சுவரில் ஒட்டிய பழைய கொழுப்பு காறிப்போய்ப் புதுத் தீவனத்தையும் கெடுக்கும் என்பதால்தான் இது. ஒரு பிடி எடுத்து மணந்து பாருங்கள். பழைய எண்ணெய்ப் போத்தலின் மூடி மணம் வந்தால், நாய் முகர்ந்துவிட்டு ஒதுங்குவதற்குக் காரணம் குணக்கேடு இல்லை.

பச்சையின் கணக்கு

பச்சை இறைச்சி போடுபவர்கள் சொல்லும் பொதுக் கணக்கு, வளர்ந்த நாயின் உடல் எடையில் 2 முதல் 3 வீதம். 15 கிலோ ஊர்நாய்க்கு நாளொன்றுக்கு 375 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். அதில் 10 வீதம் எலும்பு, 10 வீதம் உள்ளுறுப்பு, அந்த உள்ளுறுப்பில் பாதிக்கு மேல் ஈரல் இருக்கக்கூடாது. அதாவது நாளுக்கு ஏறக்குறைய 20 கிராம் ஈரல். ஈரலில் விற்றமின் ஏ செறிந்து கிடக்கிறது. மலிவென்று நாள்தோறும் கால் கிலோ போட்டால் அது சேர்ந்து எலும்பையும் மூட்டையும் கெடுக்கும்.

கோழிக்கடையில் கிடைப்பது இந்த விகிதத்துக்குப் பொருந்தாது. தோலோடு எடுத்த கழுத்தில் மூன்றிலொன்றுக்கும் மேல் எலும்பு; காலில் பாதிக்கும் மேல். கழுத்தும் காலுமே உணவென்றால் மலம் வெள்ளைச் சுண்ணாம்புக் கட்டிபோல வரும், நாய் முக்கி முக்கி நிற்கும். மறுபுறம் எலும்பே இல்லாத தனி இறைச்சி போட்டால் வேறு கேடு. இறைச்சியில் கல்சியம் ஒரு பங்கென்றால் பொஸ்பரஸ் 15 முதல் 20 பங்கு. நாய்க்கு வேண்டியது ஒன்றுக்கு ஒன்று முதல் இரண்டுக்கு ஒன்று வரை, அதுவும் கல்சியம் கூடிய பக்கமாக. குறைகிற கல்சியத்தை உடல் எலும்பிலிருந்து உருவி எடுக்கும். வளர்ந்த நாயில் இது தெரிய மாதங்கள் செல்லும். குட்டியிலோ சில கிழமைகளிலேயே முன்னங்கால் மணிக்கட்டு தளர்ந்து தரையில் படியும், படியால் குதித்தாலே எலும்பு பச்சைத் தடிபோல மடங்கும். சோறும் குழம்பும் தின்னும் குட்டிக்கும் இதே கதிதான். இந்த ஒரு விஷயத்தில் பச்சை இறைச்சி வீடும் சோற்று வீடும் ஒரே இடத்தில் தவறுகின்றன.

அடுத்தது குளிர். ஒட்டுண்ணிக் கட்டிகளைக் கொல்ல இறைச்சியைப் பூச்சியத்துக்குக் கீழே 18 முதல் 20 பாகையில் 7 முதல் 10 நாள் வைத்திருக்க வேண்டும். உங்கள் குளிர்சாதனப்பெட்டியின் உறைகூட்டுக் கதவைப் பாருங்கள்: நட்சத்திரக் குறி இருக்கும். ஒன்று என்றால் கழித்தல் 6 பாகை, இரண்டு என்றால் 12, மூன்று என்றால் 18. ஒற்றைக் கதவுப் பெட்டியில் ஐஸ் கட்டி விழுகிறது என்பதற்காக அது இறைச்சியை ஒட்டுண்ணியில்லாமல் ஆக்கும் என்று எடுக்க முடியாது. உறைய வைத்தாலும் சல்மொனெல்லா போன்ற பற்றீரியாக்கள் சாவதில்லை, உறங்கும். நாய்க்கு ஒன்றும் செய்யாமலே அதன் மலத்திலும் வாயிலும் அவை வெளியே வரலாம். அந்த வாய் நக்குவது முற்றத்தில் தவழும் பிள்ளையின் கையை. 2022 பங்குனிக் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்ததை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். நிரம்பிய உறைபெட்டி, திறக்காமல் வைத்தால் ஏறக்குறைய 48 மணித்தியாலம் தாங்கும். பாதி நிரம்பியது 24. நாளுக்கு நாலு தடவை திறக்கும் வீட்டில் அந்தக் கணக்கும் இல்லை. அதே ஆண்டில் டொலர் 200 ரூபாவிலிருந்து 360-ஐத் தாண்டியது. இறக்குமதிப் பைகளை நம்பியிருந்த வீடுகளுக்கும் அது பாடமாயிற்று. ஒரே வழியில் மட்டும் பழகிய குடல், வழி அடைபட்டால் தவிக்கும். நாயை இரண்டு உணவுக்கும் பழக்கி வையுங்கள் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆட்டுச் சுவாசப்பை

இதுவரை சொன்னவை எல்லாம் கவனத்தால் சரிசெய்யக்கூடியவை. தராசும் உறைபெட்டியும் பொறுமையும் இருந்தால் பச்சை உணவும் போடலாம் என்று ஒருவர் வாதிட்டால், அதுவரைக்கும் நான் விட்டுக்கொடுப்பேன். விட்டுக்கொடுக்க முடியாத இடம் ஒன்றுண்டு. ஆடு உரிக்கும் இடத்தில் மனிதர் வாங்காத சுவாசப்பையும் பழுதான ஈரலும் நாய்ப் பக்கம் எறியப்படும் அந்த இடம்தான் அது.

அந்தச் சுவாசப்பையைக் கிட்டப் பார்த்தால் சிலவற்றில் வெள்ளையாக ஒரு புடைப்பு தெரியும். நெல்லிக்காய் அளவிலும் இருக்கும், தோடம்பழ அளவிலும் இருக்கும். விரலால் அழுத்தினால் தண்ணீர் நிரப்பிய பலூன்போல மீளும். சுவர் தடித்தது, பால் வெள்ளை. கத்தி பட்டால் தெளிந்த நீர் பீறிட்டு வரும். அந்த நீரின் அடியில் மெல்லிய மணல்போல ஒன்று படியும். அந்த மணலின் ஒவ்வொரு துகளும் ஒரு நாடாப்புழுவின் தலை. நாய் அதை விழுங்கினால் ஆயிரக்கணக்கில் குடற்சுவரில் ஒட்டிக்கொள்ளும். வளர்ந்த புழு 3 முதல் 6 மில்லிமீற்றர்தான். மலத்தில் நெளிந்து காட்டிக்கொடுக்கும் பெரிய நாடாப்புழு இல்லை இது. நாய் கொழுகொழுவென்றே இருக்கும். ஆறேழு கிழமையில் கண்ணுக்குத் தெரியாத முட்டைகள் மலத்தோடு வெளியேறும், மயிரில் ஒட்டும், புல்லில் விழும். புல்லை ஆடு மேயும். மயிரைப் பிள்ளை தடவும். பிள்ளையின் ஈரலிலோ சுவாசப்பையிலோ அதே வெள்ளைக் கட்டி மெல்ல வளர்ந்து, பல வருடம் கழித்துத்தான் தெரிய வரும்.

ஆகவே என் முடிவு இதில் திட்டமானது. ஆடு, மாடு, எருமையின் உள்ளுறுப்பு எதுவும் பச்சையாக நாய்க்குப் போகக்கூடாது. தண்ணீர் கொதிக்கத் தொடங்கிய பிறகு 40 நிமிடமாவது அவிய வேண்டும், துண்டுகள் சின்னதாக இருக்க வேண்டும். கட்டி தெரிந்தால் அவிக்கவும் வேண்டாம். வெட்டாமல், நாய் கிளறாத ஆழத்தில் தாட்டுவிடுங்கள். உரிக்கும் இடத்துக்குப் போய்ப் பழகிய நாய் என்றால் 6 கிழமைக்கு ஒருதடவை பிரசிகுவாண்டெல் என்ற நாடாப்புழு மருந்து கொடுக்க வேண்டும். கணக்கு 10 கிலோவுக்கு 50 மில்லிகிராம். கடையில் "பூச்சிக் குளிசை" என்று கேட்டால் வட்டப்புழுவுக்கான பைரான்டெல் மட்டுமுள்ள குளிசையும் தருவார்கள். அது நாடாப்புழுவை ஒன்றும் செய்யாது. பெட்டியின் பக்கத்தில் எழுதியிருப்பதை வாசித்து வாங்குங்கள், சந்தேகமென்றால் மிருக வைத்தியரிடம் காட்டுங்கள்.

மாட்டின் இளங்கொடியையும் இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். பசு கன்று போட்டதும் இளங்கொடியை உமலில் (பனையோலைப் பையில்) போட்டு ஆலமரத்தில் கட்டுவது எங்கள் ஊர்களின் வழக்கம். பால் பெருகும் என்ற நம்பிக்கையில் செய்தாலும், அதனால் ஒரு பெரிய காரியம் நடக்கிறது: இளங்கொடி நாயின் வாய்க்கு எட்டுவதில்லை. இளங்கொடியிலும் கருக்கலைந்த கன்றிலும் இருக்கும் நியோஸ்போரா என்ற ஒட்டுண்ணி நாயின் குடலில் பெருகி, மலத்தோடு மேய்ச்சல் தரைக்குப் போய், பட்டியிலுள்ள மற்றப் பசுக்களின் கருவையும் கலைக்கும். இப்போது உமல் கட்டும் பழக்கம் குறைந்து, இளங்கொடியை வேலியோரம் எறிவதைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது. கட்டாவிட்டால் ஆழத் தாட்டாவது விடுங்கள்.

பச்சை மீனும் அப்படித்தான். நெத்தலி, சூடை இனங்கள் சிலவற்றில் விற்றமின் பி1-ஐ அழிக்கும் நொதி இருக்கிறது. அவித்தால் அது போய்விடும். குளத்து மீன் எதுவானாலும் அவித்தே போடுங்கள். கருவாட்டை உப்புக்காகவே தவிர்த்துவிடலாம்.

பானைக் கணக்கு

அப்படியானால் வளவு நாய்க்கு என்னதான் போடுவது? 15 கிலோ நாய், குட்டி போடாதபடி சத்திரசிகிச்சை செய்தது, நாளுக்கு ஏறக்குறைய 850 கிலோகலோரி கேட்கும். அதற்கு 80 கிராம் அரிசி, 250 கிராம் கோழி இறைச்சி கொஞ்சம் தோலோடு, 20 கிராம் ஈரல், ஒரு பிடி பூசணி அல்லது முருங்கையிலை, ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய், அரைத் தேக்கரண்டி முட்டைக்கோதுத் தூள். நல்லெண்ணெய் என்று குறிப்பாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு: தோலுக்கும் மயிருக்கும் வேண்டிய லினோலிக் அமிலம் அதில் ஐந்தில் இரண்டு பங்கு இருக்கிறது, தேங்காய் எண்ணெயில் மிகச் சொற்பம். கிழமையில் இரண்டு நாள் கோழிக்குப் பதில் முள் நீக்கிய கடல்மீன் போட்டால் அயடீனும் ஒமேகா 3 கொழுப்பும் சேரும். வெங்காயம், உள்ளி, தூள் எதுவும் வேண்டாம். வெங்காயம் நாயின் செங்குருதிக் கலங்களை உடைக்கும்; கறிச்சட்டி வழித்துக் கொட்டும் பழக்கத்தை நிறுத்தச் சொல்வது அதனால்தான். ஒருதடவை தராசில் நிறுத்துப் பார்த்துக்கொண்டால், பிறகு சுண்டாலும் அகப்பையாலும் அளக்கலாம்.

முட்டைக்கோதைக் கழுவி, 10 நிமிடம் கொதிக்க வைத்து, வெயிலில் ஒரு நாள் காயவிடுங்கள். பிறகு வெறுஞ்சட்டியில் மெல்லிய நெருப்பில் வறுத்தால் கையால் நொருக்கும்போது 'மொறுக்' என்று உடையும். அந்தப் பதத்தில்தான் அரைக்க வேண்டும். ஈரம் இருந்தால் உட்தோல் அரைபடாமல் இழுபடும். அரைத்து மெல்லிய துணியில் அரித்து, நாக்கில் வைத்தால் மணல் தட்டாத மா எடுங்கள். கரடாக இருந்தால் பாதி செரிக்காமலே வெளியே போகும். ஒரு கோது ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி தரும், அதில் 2 கிராம் கல்சியம். பத்துக் கோது ஒரு நாய்க்கு இருபது நாள். எலும்போடு கோழியைப் போட விரும்பினால் அமுக்கச் சட்டியில் ஒன்றரை மணித்தியாலம் வைத்து, எலும்பு இரண்டு விரலுக்கிடையில் மாவாக நசியும்வரை அவிக்க வேண்டும். அன்றைக்குக் கோதுத் தூள் வேண்டாம். அரைகுறையாக அவித்த கால் எலும்புதான் ஊசியாகப் பிளந்து குடலைக் குத்துவது.

இந்தப் பானையும் முழுமையில்லை. 2013-இல் கலிபோர்னியாவில் வீட்டுச் சமையலுக்கான 200 நாயுணவுச் செய்முறைகளை ஆராய்ந்தபோது 95 வீதமானவற்றில் ஏதாவது ஒரு சத்தாவது குறைந்தது. அவற்றில் பல மிருக வைத்தியர்கள் எழுதியவை. துத்தநாகமும் விற்றமின் டி-யும் ஈ-யும் வீட்டுச் சட்டியில் எப்போதும் நழுவும் சத்துகள். அதனால் நான் நிற்கும் இடம், பாதிக்குப் பாதி. காலையில் 120 கிராம் உலர் தீவனம், பின்னேரம் மேலே சொன்ன பானையில் பாதி, கோதுத் தூள் கால் தேக்கரண்டி. உருண்டையில் ஏற்கெனவே கல்சியம் இருப்பதால் தூளைப் பாதியாக்க மறக்க வேண்டாம். தீவனத்தை ஊறவைத்துக் கொடுத்தால் ஒரு மணித்தியாலத்துக்குள் மிச்சத்தை எடுத்துவிடுங்கள். எங்கள் சூட்டில் அது புளிக்கும்.

குட்டிக்கு இந்தப் பாதிக் கணக்கு இல்லை. ஒரு வயதுவரை வளர்ச்சிக்கான உலர் தீவனம்தான் முதன்மை, அதன்மேல் அவித்த முட்டையோ மீனோ பத்தில் ஒரு பங்குக்கு மேற்படாமல். கோதுத் தூள் பொஸ்பரஸ் தராது, குட்டிக்கு இரண்டும் சேர்ந்தே வேண்டும். பெரிய சாதிக் குட்டிக்குக் கால்சியக் குளிசை வாங்கிக் கொடுப்பதும் ஆபத்து. 6 மாதத்துக்கு உட்பட்ட குட்டியின் குடல் மிஞ்சிய கல்சியத்தை உள்ளே விடாமல் தடுக்கத் தெரியாதது. எலும்பு கோணலாகவே வளரும்.

மாற்றும்போது ஒரே நாளில் மாற்றாதீர்கள். முதல் இரண்டு நாள் புதியது காற்பங்கு, அடுத்த இரண்டு நாள் அரைவாசி, பிறகு முக்கால், ஏழெட்டாம் நாளில் முழுதும். இடையில் கழிச்சல் கண்டால் முந்திய படிக்குத் திரும்பி இரண்டு நாள் நில்லுங்கள். மலம் கையுறையால் எடுத்தால் வடிவம் குலையாமல் வர வேண்டும், தரையில் ஈரத்தடம் மட்டும் விட வேண்டும். மாதம் ஒருதடவை நாயைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி, பிறகு தனியே ஏறிக் கழித்துப் பாருங்கள். தராசில்லாத வீட்டில் விலாவில் கை வையுங்கள். கையை விரித்துப் புறங்கையைத் தடவும்போது எலும்பு எவ்வளவு தட்டுகிறதோ அந்தளவு விலா தட்டினால் சரி. மூடிய முட்டியின் மேடுபோலத் துருத்தினால் பானையில் பத்தில் ஒரு பங்கு கூட்டுங்கள். உள்ளங்கைபோல ஒன்றும் தட்டுப்படாவிட்டால் அதேயளவு குறைத்து, இரண்டு கிழமை கழித்து மறுபடி தடவிப் பாருங்கள்.